கோயில் சுவரில் குப்பாயி

குப்பாயிக்கு வாய் அதிகம் என்று பொன்னேரி மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாய் இல்லாதவள் மீன் விற்று என்னத்தைக் கிழிப்பாள் என்பது குப்பாயியின் கட்சி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலிருந்து கூடையோடு படகில் வந்து பஸ் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறாலையும் மடவை மீனையும் விற்றுத் தீர்த்துவிட்டுப் போகிறவள். பேரம் பேச வந்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு டவுன் ஆஸ்பத்திரியின் கோடி அறையில், பெஞ்சு நுனியில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்குமா?

விஷயம் அவள் புருஷன் நாகமுத்துவின் வலது கை.

மழைக்காலத்தில் படகிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து, தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியரிடம் போய், முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டு நல்ல கட்டு. எலும்பு கோணாமல் நேராகச் சேர்ந்தது. கட்டைப் பிரித்த அன்றைக்கே வைத்தியர், இனி கையை ஆட்டிப் பழக்க வேண்டும் என்றுதான் சொன்னார். குப்பாயிதான் விடவில்லை. உடைந்த கையை ஆட்டுவதாவது! பழைய புடவையைக் கிழித்துக் கழுத்தோடு தூளி கட்டினாள். சோறு பிசைந்து ஊட்டினாள், முதுகு தேய்த்தாள், தலை வாரினாள். புருஷனை ராஜா மாதிரி வைத்திருந்தாள். ராஜாவுக்குத் தோள் இறுகிப்போய்விட்டது. கை மார்புக்கு மேல் எழும்பவில்லை.

கை எழும்பாத மீன்காரனுக்கு ஏரியில் என்ன வேலை? பழவேற்காட்டு ஏரி ஆழமில்லாதது. நீண்ட மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளித்தான் படகை ஓட்டுவார்கள். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஏரியில் இறால் விழுகிற இடங்களை ஊரார் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை என்று. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் கூடி அதற்குச் சீட்டுப் போடும். குப்பாயியின் குப்பத்தில் அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. சீட்டில் பேர் வேண்டுமென்றால், அன்றைக்கு அவனவன் தன் கழியைப் பிடித்து, தனியாளாகப் படகைத் தள்ளிக்கொண்டு, ஏரிக்குள் நட்டிருக்கும் எல்லைக் கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். முடியாதவன் பேர் போய்விடும். போன பேர் திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

குப்பாயியின் தம்பி பாக்கியராஜ் வேறு வழி சொன்னான். "கும்மிடிப்பூண்டில கம்பெனி வரப்போவுதாம்க்கா. இப்பவே வேலி போட்டுக்கினு கீறாங்க. மாமாவ வாச்மேனா சேத்துடலாம். விசில் ஊதறதுக்கு ஒரு கை போதும்ல?"

நல்ல மனசோடுதான் சொன்னான். நாகமுத்து அன்றைக்கெல்லாம் சோறு தின்னவில்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் ஆதிநாராயணன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு ஃபஸ்ட் கிளாஸ். கோடி ரூமுக்குப் போ, அந்தம்மா கரண்ட் வெப்பாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கோடி அறையில் இருந்த அம்மா பேர் ரத்னா. மணவாள நகர்ப் பெண். மெட்ராஸில் பிசியோதெரபி படித்து முடித்து, வேலைக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் வந்த பிறகுதான் அந்த ஆஸ்பத்திரியில் பல பேருக்குத் தெரியும். நர்ஸுகள் அவளை மசாஜ் செய்கிறவள் என்று நினைத்தார்கள். நோயாளிகள் கரண்டம்மா என்று கூப்பிட்டார்கள். அறையில் ஒரு கட்டில், சில மணல் மூட்டைகள், வலித்த இடத்தில் கரண்ட் வைக்கிற ஒரு பெட்டி. பெட்டி பாதி நாள் ரிப்பேர். இதற்கெல்லாம் மூக்கைச் சிந்துகிற சுபாவம் ரத்னாவுக்கு இல்லை. பெட்டி கெட்டால் கெடட்டும், எனக்குக் கை இருக்கிறது என்பாள்.

நாகமுத்துவின் தோளை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கரண்ட் வெக்கலியாம்மா?" என்றாள் குப்பாயி.

"கரண்ட் வேணாம்மா. எக்ஸர்ஸைஸ் பண்ணாத்தான் இந்தத் தோள் விடும். சுவத்துல விரலை வெச்சு, பூச்சி ஊர்ற மாதிரி மேல ஏத்திக்கினே போவணும். வலிக்கும். வலிச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். காலைல, சாயங்காலம், ஒரு வேளை விடக்கூடாது. நீங்கதான் கவனமா பாத்துக்கணும்." எழுந்து போய்ச் சுவரில் செய்தும் காட்டினாள்.

குப்பாயிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வைத்தியம் என்றால் ஊசி, மருந்து, போனால் போகிறதென்று சுருக்கென ஒரு கரண்டாவது இருக்க வேண்டாமா? வந்தவனையே வேலை வாங்கினால் அதற்குப் பேர் வைத்தியமா? ஆனாலும் பெரிய டாக்டர் அனுப்பிய இடம், தட்டக்கூடாது. ரத்னா செய்து காட்டியதை ஒன்று விடாமல் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சுவர் இல்லை. அவர்கள் வீடு பனை ஓலை வேய்ந்தது. சுற்றிலும் ஓலைத் தட்டி. அழுத்திக் கை வைத்தால் கை அந்தப் பக்கம் போய்விடும். குப்பத்தில் எல்லா வீடும் அப்படித்தான். செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்ற சுவர் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது கெங்கையம்மன் கோயில் சுவர்.

முதல் நாள் நாகமுத்து அங்கேதான் போனான். கோயிலுக்கு முன்னால் ஊர் ஆம்பிளைகள் உட்கார்ந்து வலை சீர் பார்ப்பது வழக்கம். இவன் சுவரில் விரல் வைத்து, நாலு விரற்கடை ஏற்றுவதற்குள் முகம் கோணிக்கொண்டது.

"இன்னா நாகமுத்து, பல்லி புடிக்கிறியா?" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நாகமுத்து கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தான். "வலிக்குதுமே. நம்மால ஆவாது" என்றான்.

"நீ ஏன்யா பேஜாராவுற? வுடு, நான் பாத்துக்கறேன்."

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குப்பாயி சொன்னால் அது வாய்ப்பேச்சு அல்ல. முன்னொரு தடவை நாகமுத்து அம்மை வார்த்துக் கண் திறக்காமல் கிடந்தானே, அப்போது அவனா எழுந்து போய் வேண்டுதல் செலுத்தினான்? இவள்தான் ஈரப் புடவையோடு இதே கோயிலைச் சுற்றி உருண்டாள். அவன் பிழைத்தான். புருஷனுக்காகப் பெண்டாட்டி உருளலாம், பிள்ளைக்காகத் தாய் மண்சோறு தின்னலாம். யார் உடம்பை வருத்தினாலும் ஆத்தா கணக்கில் வரவுதான். இதுவோ கோயில் சுவர். காலையும் மாலையும் ஒரு வேளை விடக்கூடாது என்று வேறு சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், இது வேண்டுதல் இல்லாமல் வேறென்ன?

ஆகவே குப்பாயி செய்தாள். மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கோயில் சுவரில் விரல் வைத்துப் பூச்சி ஊர்வதுபோல் ஏற்றினாள். பல்லி என்று கேலி செய்தவன் இவளிடம் மூச்சு விடவில்லை. விட்டால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது விரதம். மீன் தின்பதையும் விட்டாள். மீன்காரி மீனை விடுவது என்றால் சும்மாவா?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நிமிர்ந்த தலையோடுதான் போனாள். ரத்னா நாகமுத்துவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். பழைய இடத்துக்குக்கூட வரவில்லை.

"எக்ஸர்ஸைஸ் பண்ணவே இல்லியா?" என்றாள் ரத்னா.

குப்பாயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா இப்பிடி கேட்டுட்ட? ஒரு வேளை வுட்டனா? தலைக்கு ஊத்திக்கினு, பட்டினி கெடந்து செஞ்சேன். ஊர்ல வந்து கேட்டுப் பாரு!"

"நீங்க செஞ்சீங்களா?"

"பின்னே?"

"அவரு?"

"அவருக்குத்தான் வலிக்குதே. அவருக்கோசரம் நான் செஞ்சேன். பாக்கிறியா?" என்று எழுந்துபோய் அறைச் சுவரில் விரலை வைத்து ஏற்றிக் காட்டினாள். முதுகு வளையாமல், தோள் கோணாமல், கை காதை உரசிக்கொண்டு மேலே போயிற்று. ரத்னா பரீட்சை வைத்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள்.

ரத்னாவுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. வந்ததை விழுங்கிவிட்டாள். "குப்பாயம்மா, அவருக்குப் பசிச்சா நீங்க சாப்ட்டு அவரு வயிறு ரொம்புமா?"

"அது வயிறு."

"இது தோளு. தோளும் அப்படித்தாம்மா."

குப்பாயிக்கு வாயடைத்துப்போனது. அவள் வாழ்க்கையில் அது எத்தனாவது தடவை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பிறகு ஆத்திரமும் அழுகையுமாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, தெரிஞ்சிக்கினே என்ன வுட்டியா? பைத்தியக்காரி மாதிரி சொவத்த தடவிக்கினு நின்னேனே, ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

நாகமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ செய்ற வரிக்கும் ஏதோ நடந்துக்கினு கீதுன்னு இருந்திச்சிமே. நானே செஞ்சி, கை வரலைன்னா? அப்பறம் இன்னா கீது? விசில்தான்."

அவனுக்கு வலி பெரிதில்லை, பயம்தான் பெரிது என்பது அப்போதுதான் குப்பாயிக்கு விளங்கியது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ரத்னா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓலை வீடு, கோயில் சுவர், பல்லிக் கேலி, பாடு, கம்பத்தைச் சுற்றுகிற சட்டம், எல்லாம் வெளியே வந்தது. கேட்கக் கேட்க அவளுக்குக் கோபம். கோபம் இவர்கள்மேல் இல்லை.

"எங்க புஸ்தகம் பூரா சீமைக்காரங்க படம்தாம்மா. நாற்காலில உக்காருவான், மாடிப்படி ஏறுவான், சுவத்துல கை வெப்பான். சம்மணம் போட்டு உக்கார்றவன் ஒருத்தன் கிடையாது. சுவரே இல்லாத வீட்டுக்கு என்ன பண்றதுன்னு யாரும் எழுதல. எனக்கும் கேக்கணும்னு தோணலியே! போவட்டும். ஞாயித்துக்கிழமை நான் உங்க ஊருக்கு வரேன்."

டாக்டர் ஆதிநாராயணனிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பிசியோதெரபின்னா ரூமுக்குள்ள பண்றதும்மா. ஊர் ஊராப் போறதுக்கு அது என்ன குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரமா?"

"லீவு நாள்ல, என் செலவுல போறேன் சார். எலும்பு ஃபஸ்ட் கிளாஸ்னு நீங்க சொன்னீங்க. தோள் இன்னும் ஃபெயில்ல நிக்குது. அதைப் பாஸ் பண்ண வைக்க வேணாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், அந்தப் படிப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவே. "போய்ட்டு வந்து என்ன பண்ணேன்னு எனக்கும் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரத்னா குடையும் பையுமாகப் பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பாக்கியராஜ் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குக் கழி போட்டான். பாதித் தூரம் போயிருப்பார்கள், ரத்னா திடீரென்று கத்தினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க! இப்போ பண்ணீங்களே, அதை இன்னொரு தரம் பண்ணுங்க!"

அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பாக்கியராஜ் பயந்துகொண்டே பண்ணினான். கழியைச் சேற்றில் ஊன்றினான். படகு முன்னே நகர நகர, அவன் இரண்டு கையும் ஒன்று மாற்றி ஒன்று கழியின்மேல் ஏறியது. சுவரில் விரல் ஏறுகிற அதே ஏற்றம்.

"இதேதான்! நான் சொன்ன எக்ஸர்ஸைஸ் இதேதான்!"

"இதுவா? இத நாங்க பொறந்ததிலிருந்து பண்ணிக்கினு கீறோமே. இதுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?" என்றான் பாக்கியராஜ். கூட இருந்த குப்பாயி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ரத்னா ஏரித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். வெயிலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. சீமையில் இறுகிப்போன தோளுக்குத் தொட்டி கட்டி, வெந்நீர் நிரப்பி, அதற்குள் நோயாளியை இறக்குவார்களாம். படிக்கும்போது அந்தத் தொட்டியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இங்கே கண்ணுக்கெட்டின தூரம் தொட்டியே கிடக்கிறது! "கழுத்தளவு தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

குப்பத்துக்குப் பக்கத்தில் படகு போகிற ஓடை ஒன்று கொஞ்சம் ஆழம். நாகமுத்துவை அதில் இறக்கினார்கள். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கையை விட்டுடுங்க. தண்ணி தூக்கும்" என்றாள் ரத்னா, படகில் உட்கார்ந்தபடி.

அவன் நம்பிக்கையில்லாமல் கையைத் தளர விட்டான். கை மிதந்தது. மெதுவாக எழும்பி, தோளுக்கு நேராக வந்து நின்றது. மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கை அந்த உயரத்தைப் பார்த்ததே இல்லை. நாகமுத்து கையைப் பார்த்தான், குப்பாயியைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். "ஏ குப்பாயி!" என்றான்.

கரையிலிருந்து ஒருவன் கேட்டான். "இன்னா நாகமுத்து, குளிக்கிறியா?"

"ஆமா, குளிக்கிறேன்" என்றான் நாகமுத்து. கரையில் இருக்கிறவனுக்குத் தலை மட்டும்தான் தெரியும். தண்ணீருக்குள்ளே கை கோணினாலும் தோள் கோணினாலும் கேட்க நாதியில்லை. அது அவனுக்கு மருந்தைவிடப் பெரிய மருந்தாக இருந்தது.

ஓடையில் ஒரு மூங்கிலை நட்டுவைத்தார்கள். முதலில் கை மிதக்க வேண்டும், அப்புறம் மூங்கிலில் கை மாற்றிக் கை ஏற வேண்டும். ரத்னா குப்பாயியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு" என்றாள்.

"சொல்லும்மா, இன்னா வேணா செய்றேன்."

"ஒண்ணும் செய்யக்கூடாது. தூளியை அவுத்து அடுப்புல போடுங்க. சோறு ஊட்டக்கூடாது, தலை வாரக்கூடாது. அவரு கை அது. அதைத் தொடாதீங்க."

"உருளச் சொன்னா உருளுவேன்மா. சும்மா நிக்கச் சொல்றியே!" என்றாள் குப்பாயி. அவள் பொய் சொல்லவில்லை. நாகமுத்து வலது கையால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டும். குப்பாயி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். சட்டையை மாட்டத் தடுமாறும்போது அவள் கை தானாக நீளும். நீண்ட கையைத் தானே அடித்துக்கொள்வாள். எண்ணெய் தேய்க்கவாவது விடுங்கள் என்று ரத்னாவிடம் மன்றாடிப் பார்த்தாள். அவரே தேய்த்துக்கொள்ளட்டும், எட்டுகிற வரைக்கும் எட்டட்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் ரத்னா.

ரத்னாவும் மாறித்தான் போனாள். இப்போதெல்லாம் கோடி அறைக்கு வருகிறவர்களிடம் எங்கே வலி என்பதற்கு முன்னாலேயே, வீடு எப்படி, என்ன வேலை, எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டாள். நடவுக்குப் போகிறவள் முதுகுவலியோடு வந்தால் அறைக்குள்ளேயே குனிந்து நடவு நட்டுக் காட்டச் சொன்னாள். டாக்டர் ஆதிநாராயணன் ஒருநாள் எட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எழுதுகிற சீட்டில் கரண்ட் என்ற வார்த்தை குறைந்தது.

பாடு போடுகிற நாள் வந்தபோது நாகமுத்துவின் கை காது வரைக்கும் எட்டியது. அதற்குமேல் எட்டவில்லை. முழுக்க வர இன்னும் நாளாகும் என்று ரத்னா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். ஆனால் பாடு காத்திருக்காது.

ஊரே கரையில் நின்றது. ஊர்ப் பெரியவர் தேசப்பன், சீட்டுப் போட்ட பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவனாகப் போய் வந்தான். அன்றைக்குக் கோயிலில் பல்லி புடிக்கிறியா என்றவனும் போய் வந்தான். பிறகு நாகமுத்து.

போகும்போது நன்றாகத்தான் போனான். கொஞ்சம் மெதுவு, ஆனால் கோணல் இல்லை. கம்பத்தையும் சுற்றிவிட்டான். குப்பாயி மூச்சை அப்போதுதான் விட்டாள். விட்டது தப்பு. திரும்புகிற வழியில் ஊன்றிய கழி சேற்றில் ஆழமாகப் புதைந்துகொண்டது. இழுத்தான். வரவில்லை. படகு நகர்ந்துகொண்டே இருந்தது, கழி பின்னால் தங்கிக் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. கழியை விட்டால் போச்சு, படகு தன்பாட்டுக்குப் போய்விடும். அதைப் பிடித்து உருவ வேண்டுமென்றால் கை காதைத் தாண்டி ஏற வேண்டும்.

தன் படகோடு கிட்டத்தில் நின்ற பாக்கியராஜ் கழியை எடுத்தான். ஒரே தள்ளு, போய்ப் பிடித்துவிடலாம். கரையில் பெண்கள் "ஐயோ, ஐயோ" என்றார்கள். குப்பாயி எப்போது தண்ணீரில் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் வரைக்கும் நனைந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

"பாக்கியராஜு! கிட்ட போன, உன் கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன்! ஒருத்தரும் தொடாதீங்க! அந்தாளு கை அது! அந்தாளே எடுக்கட்டும்!"

பாக்கியராஜ் தூக்கிய கழியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். படகில் நாகமுத்து காலை அகட்டி ஊன்றினான். இடது கையால் கழியைக் கவ்வி, வலது கையை அதற்குமேல் வைத்தான். கை மாற்றிக் கை. காதைத் தாண்டியது. அவன் போட்ட கூச்சல் கரை வரைக்கும் கேட்டது. உடம்பு பாரத்தை எல்லாம் பின்னால் சாய்த்து, ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தான். சேறு கழியை விட்டது. அவன் மல்லாக்கப் படகுக்குள் விழுந்தான், கழியை மார்போடு அணைத்துக்கொண்டு.

எழுந்து, கரைக்கு வந்து சேர்ந்தான்.

தேசப்பன் பானையை முன்னால் தள்ளினார். "வந்துட்ட இல்ல? சீட்ட எடு. அந்தக் கையாலயே எடுடா" என்றார். நாகமுத்து வலது கையைப் பானைக்குள் விட்டான். வந்த பாடு அப்படியொன்றும் நல்ல பாடு அல்ல, கடைசியில் வருகிற முறை. யாருக்கு என்ன? பேர் இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு குப்பாயி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"கழி மாட்டிக்கிச்சே, அப்ப பாக்கியராஜ கூப்புடத்தான் வாயத் தொறந்தேன்மே. அதுக்குள்ள நீ முந்திக்கினே" என்றான் நாகமுத்து.

குப்பாயி அவனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் நிரம்பி, ஓவென்று அழுதாள்.

"நானும் அவன உன்கிட்ட போவச் சொல்லத்தான்யா வாயத் தொறந்தேன்" என்றாள்.